மணி இல்லாத சைக்கிள்

அத்தியாயம் 6

“சைக்கிளுக்கு இந்த மெஷின்ல இடமே இல்லைங்க” என்றார் இன்ஸ்பெக்டர் சாரதாமணி.

அபராதச் சீட்டு அடிக்கும் சின்னக் கருவியை மேசைமேல் வைத்து ரிஹானாவின் பக்கம் திருப்பினார். திரையில் முதல் கட்டம் வண்டி எண் கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

“நம்பர் இல்லாத வண்டிய நாங்க எதுக்கு நிறுத்தப் போறோம்? நேத்து கருங்கல்மேடு பிரிவுல யாருக்கும் டூட்டி போடல. பக்கத்து ஸ்டேஷன்லயும் கேட்டுட்டேன். பச்சமுத்து சொல்ற போலீஸ்காரர் இல்லவே இல்ல.”

“இருந்தா?”

“கூட்டிட்டு வாங்க. நாலரைக்கு ஜீப் கிளம்பும். அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல.”

சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

ரிஹானா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். வேதியியல் படித்தவள். வயது முப்பத்தைந்து. தனியாக இருப்பவள். அவளுக்கு இருந்த ஒரே உதவியாளன் செந்தமிழன், திருச்செங்கோட்டுக்காரன். இப்போது ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

வழக்கு சின்னது. ஆட்டையாம்பட்டியை ஒட்டிய ஒரு விசைத்தறிப் பட்டறை. முதலாளியின் வீடு பட்டறைக்குப் பின்னால். நேற்று முற்பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், வீட்டில் யாரும் இல்லாதபோது, பீரோவிலிருந்து எட்டுப் பவுன் வளையல்கள் போய்விட்டன. அந்த நேரத்தில் பட்டறையில் இல்லாத ஒரே ஆள் பச்சமுத்து. தறிக்கு ஒரு பல்சக்கரம் வாங்கப் பத்தே முக்காலுக்கு சைக்கிளில் கிளம்பியவர். அரைமணி நேர வேலை. திரும்பி வந்தது பன்னிரண்டரைக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, போலீஸ் பிடித்துவைத்தது என்றார். போலீஸோ நாங்கள் பிடிக்கவே இல்லை என்றது.

பச்சமுத்து உள்ளே சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ரிஹானா எதிரில் உட்கார்ந்ததும் எழப் போனார். அவள் கையமர்த்தினாள்.

“அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?”

“பாக்கலீங்க.”

“நாப்பது நிமிஷம் நின்னிருக்கீங்க.”

“போலீஸ்காரரு மூஞ்சிய எதுக்குங்க பாக்கறது? கீழதான் பாத்துட்டு நின்னேன்.”

“கீழ என்ன தெரிஞ்சுது?”

பச்சமுத்து யோசித்தார். “காக்கி பேண்டுங்க. பூட்ஸு. பளபளன்னு, மூஞ்சி பாக்கலாம்ங்க அதுல. மேல வெள்ளைச் சட்டைன்னு நெனக்கிறேன். கையில ஒரு தடி.”

“என்ன கேட்டார்?”

“மணி அடிச்சுக் காட்டுன்னாருங்க. மணி இல்லீங்க, உழுந்து போச்சுன்னேன். அதுக்கு ரெண்டு சக்கரத்துக் காத்தையும் புடுங்கி உட்டுட்டாரு. அப்புறம் எந்த ஊரு, என்ன வேலை, ஊட்ல யாரு இருக்காங்கன்னாரு. யாருமில்லீங்கன்னேன். சாப்பிட்டயான்னாரு. சொம்புல தண்ணி குடுத்தாருங்க. ஜில்லுன்னு இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அந்த ஐயா நல்லவருங்க. கேட்டா சொல்லிருவாரு.”

வெளியே வேலியோரம் நின்ற பெண், ரிஹானா வருவதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். குப்பாயி. அதே பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுபவள். காலையில் முதல் பேருந்தைப் பிடித்துச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து ரிஹானாவின் கதவைத் தட்டியவள். போன வருஷம் அவளுடைய அக்கா மகள் காணாமல் போனபோது கண்டுபிடித்துக் கொடுத்தது ரிஹானாதான்.

“உட்டுருவாங்களாங்க?”

“இன்னும் மூணு மணி நேரம் இருக்கு” என்றாள் ரிஹானா. “நேத்து அவர் கிளம்பும்போது சைக்கிள் நல்லாத்தானே இருந்துச்சு?”

“காத்தடிச்சாருங்க. பின்சக்கரத்து வால்வுல கசியுது, நூல் இருந்தாக் குடுன்னாரு. நான் தார்லேர்ந்து கிள்ளிக் குடுத்தேன். திருகு மறையில சுத்தி முறுக்குனா கசியாதுங்க.” குப்பாயி தரையைப் பார்த்தாள். “கிளிப்பச்ச நூலு. நேத்துக் காத்தாலதான் அந்தக் கலர்ல தார் சுத்த ஆரம்பிச்சோம்.”

செந்தமிழன் சைக்கிளின் முன்னாலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

“ஏனுங்க மேடம், வளையல் திருடிட்டுப் போறவன் காத்தில்லாத சைக்கிளைத் தள்ளிக்கிட்டா போவான்? அவனைப் புடிக்கப் போலீஸ் எதுக்குங்க, நடக்கப் பழகற கொழந்தை போதும்.”

“காத்து மட்டும்தான் இல்லையா?”

“வால்வே இல்லீங்க. ரெண்டு சக்கரத்துலயும் சுத்தமாக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

ரிஹானா குனிந்து பார்த்தாள். இரண்டு சக்கரங்களிலும் குழாய் வாய் பிளந்து நின்றது. காற்றை இறக்க நினைப்பவன் மறையைத் தளர்த்திவிட்டுப் போவான். கழற்றி எடுத்துக்கொண்டு போவது வேறு மாதிரியான பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றி எங்கோ கேட்டிருந்தாள். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

“வண்டியை எடு” என்றாள்.

ஸ்கூட்டர் கருங்கல்மேட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. ஜல்லி லாரிகள் எதிரே வந்து வெள்ளைத் தூசியை அவர்கள்மேல் கொட்டிவிட்டுப் போயின.

“எனக்கு ஒரு ரோசனைங்க” என்றான் செந்தமிழன் காற்றுக்கு மேல் குரலை உயர்த்தி. “அந்தாளு டூப்ளிகேட் போலீஸு. திருடனோட கூட்டாளி. ஒருத்தன் பச்சமுத்துவ ரோட்டுல நிறுத்தி வெக்கறான், இன்னொருத்தன் ஊட்ல பூந்துர்றான். பழி பச்சமுத்து மேல. எப்படிங்க?”

“சாப்பிட்டியான்னு எதுக்குக் கேட்டான்?”

“பாசமான திருடனுங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்த ஊகத்தை ஒதுக்கவும் இல்லை. அது உண்மையானால் அந்த ஆள் இந்நேரம் வேறு மாவட்டத்தில் இருப்பான்.

பிரிவில் ஒரு வேப்பமரம், துருப்பிடித்த ஒரு தடுப்பு, கூரை பெயர்ந்த ஒரு நிழற்குடை. மனிதர் யாருமில்லை. நாலு சாலை வந்து கூடுகிற இடம் இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. செந்தமிழன் இறங்கி நாலடி நடந்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான். மாவு மில்லுக்குள் போய் வந்தவனைப் போல் ஆகியிருந்தது.

“பாரு” என்றாள் ரிஹானா.

“பாத்துட்டுத்தான் இருக்கேனுங்க. புதுச் செருப்பு.”

“நாம வந்து ரெண்டு நிமிஷம் ஆகல. பதினொரு மணிக்கு அந்த பூட்ஸ்ல மூஞ்சி பார்க்கலாம்னு பச்சமுத்து சொன்னார். காலையிலேர்ந்து டூட்டியில நிக்கறவர் பூட்ஸ் அப்படியா இருக்கும்? தண்ணியும் பாட்டில்ல இல்ல, சொம்புல. ஜில்லுன்னு. பானைத் தண்ணி.”

செந்தமிழன் சுற்றிலும் பார்த்தான். “அப்ப பக்கத்துலயே ஊடு.”

அவள் அதற்குள் மரத்தடிக்குப் போயிருந்தாள். நிழல் விழும் இடத்தில் மண்ணில் இரட்டைக் குழிகள். சைக்கிள் ஸ்டாண்டு அழுந்திய தடங்கள். ஒன்றல்ல, இருபது முப்பது. சில புதியவை, சில மழையில் கரைந்து ஆழம் குறைந்தவை. மோட்டார் சைக்கிளின் அகலச் சக்கரத் தடம் ஒன்றுகூட அந்த நிழலுக்குள் வரவில்லை.

ஒரே ஒரு நாளைக்காகப் போட்ட திட்டமில்லை இது. மாதக் கணக்கில் யாரோ இங்கே சைக்கிள்களை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

“நம்ம கூட்டாளி ரோசனை கேன்சல்” என்றான் செந்தமிழன் தனக்குத்தானே.

காற்று இறக்கப்பட்ட சைக்கிள் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பிரிவிலிருந்து ஒரு பர்லாங் தள்ளி ஒரு சைக்கிள் கடை இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பட்டறைக்கு நேரமாகிவிட்டதால் பச்சமுத்து அந்தப் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் போயிருப்பார்கள்.

கடைக்காரர் அன்வர் பாட்சா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்த மனிதர். ரிஹானா சலாம் சொன்னதும் பதில் சலாம் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பிரிவுல ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தறாராமே, பாய்?”

“எனக்கு என்னம்மா தெரியும், நான் உண்டு என் பஞ்சர் உண்டு.”

பதில் மிக வேகமாக வந்தது. செந்தமிழன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“பாய், குமிழி உங்க டியூப்லேர்ந்து வரலீங்க. உங்க வாயிலேர்ந்து வருது.”

அன்வர் பாட்சாவின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் டியூபை எடுத்து மறுபடி முக்கினார்.

ரிஹானா கடைச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் டயர்கள். அவற்றின் கீழே ஒரு தகர டப்பாவில் புது வால்வுகள். சின்னக் கடைக்கு அத்தனை வால்வு தேவையில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளைப் பெற்ற அத்தா சொன்ன கதை. இளவயதில் டபுள்ஸ் போனதற்காக, விளக்கு இல்லாததற்காக, போலீஸ்காரர்கள் வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவர் வீடுவரை தள்ளிக்கொண்டு வருவார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்த வழக்கம் நின்றுவிட்டது. இப்போது பணியில் இருக்கும் காவலர் யாரும் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைச் செய்து பழகியவருக்கு இன்று என்ன வயது? கூட்டிப் பார்த்தாள். கழித்தும் பார்த்தாள். அறுபதுக்குக் கீழே வரவில்லை.

“பாய்” என்றாள் மெதுவாக. “ரிடையர் ஆன போலீஸ்காரர் வீடு எது?”

அன்வர் பாட்சா டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டார்.

“அவரை ஒண்ணும் பண்ணிராதேம்மா” என்றார். “சம்சாரம் மவுத்தாகி மூணு வருஷம், தனியாள். மகன் ஓசூர்ல. யாருக்கும் கெடுதல் இல்ல. காத்தைப் பிடுங்கறார், நான் போட்டு விடறேன். சனங்களும் சிரிச்சுட்டுப் போயிர்றாங்க. ஸ்டேஷனுக்குத் தெரிஞ்சா அவருக்கு அசிங்கமாயிரும்.”

“நேத்து அவர் நிறுத்தின ஆள் இன்னிக்கு ஜெயிலுக்குப் போறார், பாய்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு கை நீட்டி, நீல கேட் போட்ட வீட்டைக் காட்டினார்.

மணி இரண்டே முக்கால்.

நவநீதகிருஷ்ணன் கதவைத் திறந்தபோது காக்கி பேண்டும் பனியனும் அணிந்திருந்தார். நிமிர்ந்த முதுகு. மீசை ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி மட்டும். வந்தவர்களுக்கு உட்கார இன்னொன்று இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தவர்போல் சுற்றிலும் பார்த்தார்.

“நின்னுக்கறோம்ங்க” என்றான் செந்தமிழன். முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை.

ரிஹானா சுருக்கமாகச் சொன்னாள். வளையல், பச்சமுத்து, நாலரை மணி ஜீப்.

“நான் யாரையும் நிறுத்தல” என்றார் அவர். “நான் ரிடையர்டு ஹெட் கான்ஸ்டபிள். எனக்கு எதுக்கு அந்த வேலை?”

ரிஹானா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டப்பா மூடி இல்லாமல் இருந்தது. அதற்குள் வால்வுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் கட்டித் தேதி எழுதியிருந்தது. மேலாக இருந்த ஒன்றின் மறையில் கிளிப்பச்சை நூல் சுற்றியிருந்தது. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

சமையல்கட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

“லாரிக்காரன் நிக்க மாட்டான் சாமி” என்றார் நவநீதகிருஷ்ணன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். “மோட்டார் சைக்கிள்காரன் போன்ல படம் புடிப்பான். நீ யாரு, உன் பேட்ஜ் எங்கேம்பான். சைக்கிள்ல வாரவன்தான் கையக் காட்டுனா எறங்கி நிப்பான். பேருகூடக் கேக்க மாட்டான்.”

“காத்தை எதுக்குங்க புடுங்கணும்?” என்றான் செந்தமிழன்.

“காத்து இருந்தாப் போயிருவானே.”

ரிஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் மொத்தமாகப் பேசியது பால்காரரிடம் இரண்டே வார்த்தை. ‘அரை லிட்டர்.’ திங்கட்கிழமை செந்தமிழன் வந்து படியேறும் சத்தத்துக்காக எட்டரை மணியிலிருந்து காத்திருந்தாள். அவன் வந்ததும் கோப்பில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நேரம் குறிச்சு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் அழுத்தமான கையெழுத்து. நேற்றைய தேதி. காலை 11.05 முதல் 11.45 வரை. பச்சமுத்து, தறித் தொழிலாளி. மணி இல்லை. அதற்குக் கீழே, போலீஸ் நோட்டில் எழுதக்கூடாத ஒரு வரி: காலையில் சாப்பிடவில்லை.

“இதை எடுத்துட்டுப் போயிருங்க சாமி. டப்பாவையும் எடுத்துக்குங்க.”

“நோட்டு போதாதுங்க. எழுதினவர் வரணும்.” அவள் நேராக அவரைப் பார்த்தாள். “வந்தா உங்க மேல கேஸ் போடலாம். போலீஸ் இல்லாத ஆள் போலீஸ் மாதிரி நடந்துக்கிட்டதுக்கு. நான் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக விரும்பல.”

“அதுக்கு என்ன செக்‌ஷன்னு எனக்குத் தெரியும்” என்றார். “நாலு பேரு மேல போட்டிருக்கேன். நான் ரிடையர் ஆன அன்னிக்கு மாலை போட்டு ஜீப்புல கொண்டாந்து உட்டாங்க. அதே ஸ்டேஷன். அங்க போயி கைகட்டி நிக்கணும். மகனுக்குத் தெரிஞ்சா...”

மூன்று மணி ஆகியிருக்கும். செந்தமிழன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தான்.

“அந்தாளு என்னையப் பத்தி என்ன சொன்னாரு?” என்றார் கிழவர் கடைசியில்.

“நல்லவர்னு சொன்னார். கேட்டா சொல்லிருவார்னு.”

நவநீதகிருஷ்ணன் உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது வெள்ளை வேட்டியும் கட்டம் போட்ட சட்டையும் அணிந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. அந்த உடையில் சற்றுக் குள்ளமாகத் தெரிந்தார். கதவைப் பூட்டிச் சாவியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போக முடியும்.

“நீ கூட்டிட்டுப் போ” என்றாள் ரிஹானா. “நான் பஸ்ல வரேன்.”

“மூணு பேரு போலாமுங்க மேடம். புடிச்சா நம்ம ஐயாதான் புடிக்கணும், அவரே நம்ம வண்டியில இருக்காரு.”

கிழவர் முதலில் விறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்து நாளான சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. ரிஹானா நோட்டையும் டப்பாவையும் அவர் கையிலேயே கொடுத்தாள். வெள்ளைத் தூசிக்குள் ஸ்கூட்டர் சிறிதாகி மறைந்தது.

நிழற்குடையில் அவள் மட்டும் இருந்தாள். பேருந்து வரவில்லை. மரவள்ளிச் செடிகளுக்கு மேல் ஒரு வல்லூறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதன் வட்டங்களை எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டாள். நாலே கால். நாலே இருபது. கைபேசியை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தாள். நாலரையும் கடந்தது. நோட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா, ஜீப் கிளம்பியிருக்குமா?

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது.

“மேடம், ஜீப் கெளம்பலைங்க.” செந்தமிழனின் குரலுக்குப் பின்னால் ஸ்டேஷன் இரைச்சல். “இன்ஸ்பெக்டரம்மா நோட்டைப் படிச்சாங்க. பச்ச நூலைப் பாத்தாங்க. குப்பாயிம்மாவக் கூப்புட்டு அந்தத் தார் நூலைக் கொண்டாரச் சொல்லி வெச்சுப் பாத்தாங்க. பச்சமுத்துவப் போகச் சொல்லிட்டாங்க. முதலாளி ஊட்டு ஆளுங்களை மறுக்கா விசாரிக்கணும்னு ரெண்டு பேரை அனுப்பிருக்காங்க.”

அவள் கண்களை மூடித் திறந்தாள். “அவர்?”

“வாக்குமூலம் எழுதிட்டிருக்காங்க. கேஸு போடறதா, எச்சரிச்சு அனுப்பறதான்னு மேல கேட்டுத்தான் சொல்வாங்களாம். தலையே நிமிரலீங்க அவரு.”

“தனியாவா உட்கார்ந்திருக்கார்?”

“அதான் இல்லீங்க. பச்சமுத்து போகல. போன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டாங்க. அந்த ஐயாவுக்கு முடியட்டும், இருக்கறேன்னு பக்கத்துலயே பெஞ்சுல உக்காந்துட்டாரு. இன்னிக்குத்தான் மூஞ்சியவே பாக்கறாராம். ரெண்டு பேரும் மெல்லப் பேசிட்டிருக்காங்க. இன்ஸ்பெக்டரம்மா சத்தம் போடாதீங்கன்னுகூடச் சொல்லல.”

சாலையின் கோடியில் ஒரு பேருந்தின் முகம் தெரிந்தது.

“மேடம், குப்பாயிம்மா எல்லாத்துக்கும் டீ வாங்கப் போறாங்க. உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுங்களான்னு கேக்கறாங்க.”

“நான் வந்து சேர அரைமணி ஆகும். ஆறிடும்.”

“ஆறட்டுங்க. வாங்க.”

அவள் எழுந்து சாலையோரத்துக்கு நடந்து பேருந்துக்குக் கை காட்டினாள்.